சாம்பல் ஓடிய கல்

சத்தியம்! தெருமுனை வரைக்கும் கேட்கட்டும் என்றுதான் கத்திச் சொல்கிறேன். நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் இன்று முதல் என் நாக்குக்கு உப்புச் சுவை தெரியாமல் போகட்டும். உப்பளக்கரையில் பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய சாபம் இல்லை.

எங்கள் ஊர் கோரைக்கழி டீக்கடையில் இதை வேறு மாதிரிச் சொல்வார்கள். அம்மனே இறங்கி வந்து கரையை அடைத்தாள் என்பார்கள். கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. அடைத்தது ஒரு கொத்தனார். அடைக்கச் சொன்னது ஓர் அடுப்புக்காரி. இரண்டு பேரும் ரத்தமும் சதையுமான மனிதர்கள்.

நடந்தது இதுதான்.

"என் கோபத்தை எடுத்துரு தாயி," என்றார் ஆவுடையப்பன்.

வடிவம்மை களிமண்ணை மிதித்துக்கொண்டிருந்தாள். மிதிப்பதை நிறுத்தவில்லை.

"யார் மேல?"

"பொன்ராசு மேல."

"என்ன செஞ்சான்?"

"என்ன செஞ்சானா! நீயும் இதே ஊர்த் தண்ணியைத்தானே குடிக்க?"

ஆவுடையப்பன் சுண்ணாம்புக் கொத்தனார். வயது அறுபத்திரண்டு. அவர் தேய்த்த சுவர் கண்ணாடி. அதில் தன் முகத்தைப் பார்த்து வேறு காக்கை என்று நினைத்துக் கொத்தி, அலகு மழுங்கி, ஏழு காக்கைகள் பட்டினி கிடந்து செத்தன. எண்ணிப் பார்த்தவன் நான்.

வடிவம்மைக்கு வயது முப்பத்தெட்டு. மண் அடுப்பு செய்து விற்பவள். ஊருக்கு வெளியே, உப்பங்கழியோரமாகக் குடிசை. பக்கத்தில் அவள் தோண்டிய களிமண் பள்ளம்.

மனக்குறை உள்ளவர்கள் அவளிடம் போவார்கள். அவள் பதில் சொல்ல மாட்டாள். ஏதாவது வேலை கொடுப்பாள். வேலை முடியும்போது குறையைத் தேடினால் காணோம் என்று சிலர் சொன்னார்கள். கூலியையும் காணோம் என்று வேறு சிலர் சொன்னார்கள்.

பொன்ராசு உப்பள முதலாளி. கழியிலிருந்து அவன் உப்பளத்துக்குப் போகிற வாய்க்கால் எங்கள் ஊருணிக் கரையை ஒட்டிப் போகும். நடுவில் இருப்பது அந்த ஒரு கரைதான். இந்தப் பக்கம் குடிக்கிற தண்ணீர், அந்தப் பக்கம் கடல் தண்ணீர்.

அந்தக் கரையின் அடிக்கல்லை உருவிக்கொண்டு போய்த் தன் வீட்டுக்கு வாசற்படி போட்டான் பாவி.

ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதுவும் தண்ணீருக்கு அடியில். ஊர்க்காரர்கள் சாக்கைத் திணித்து வைத்தார்கள். கடல் பொங்கி ஏற்றம் வரும்போதெல்லாம் உப்புத்தண்ணீர் கசிந்து வந்தது. எங்கள் வீட்டில் கஞ்சிக்கு உப்புப் போடுவதையே நிறுத்திவிட்டோம். எருமைகள் குடித்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தன.

வரப்போவது ஐப்பசி அமாவாசை. வருஷத்தின் பெரிய ஏற்றம். சாக்கு தாங்காது. கடல் உள்ளே புகுந்தால் ஊருணி போயிற்று. அதன் பிறகு அதையும் உப்புப் பாத்தியாக்கிக்கொள்ளலாம் என்று பொன்ராசு வாயைத் திறந்தே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"நேத்து அவன் மண்டைக்கு நேரா கரண்டியை ஓங்கிட்டேன்," என்றார் ஆவுடையப்பன். கையில் அந்தக் கொத்துக்கரண்டியை இன்னும் விடவில்லை. "குனிஞ்சுட்டான். அடுத்த தடவை குனிய மாட்டான். நான் கொலைகாரனாப் போறதுக்கு முன்னால இந்தச் சனியனை நெஞ்சைவிட்டு எடுத்துரு. வெள்ளையாக்கிரு. நான் தேய்ச்ச சுவரு மாதிரி."

"அந்த ஓட்டையை யாரு அடைக்கா?"

"எவனாவது அடைப்பான். நான் கேட்டது வேற."

"அமாவாசைக்கு எத்தனை நாள்?"

"பத்தொம்பது. தாயி, நான் கேட்டது வேற!"

அவள் களியைவிட்டு இறங்கினாள். காலை வழித்தாள்.

"ஓட்டையை அடைச்சிட்டு வாங்க அண்ணாச்சி. எடுத்துருதேன்."

ஆவுடையப்பனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. குடிசை மேல் உட்கார்ந்திருந்த கொக்கு பறந்து போய்விட்டது.

"நோயைச் சொல்ல வந்தவனுக்குக் கூலிவேலை சொல்லுத! சிப்பிச் சுண்ணாம்பு தண்ணிக்குள்ள நிக்காதுன்னு தெரியுமா உனக்கு? காத்துப் பட்டாத்தான் அது இறுகும். சிமெண்டுக்கு எங்க போக?"

நியாயமான கேள்வி. சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க வேண்டிய காலம் அது. எங்கள் பக்கத்துக்கு வந்த பர்மிட் எல்லாம் பொன்ராசு வீட்டு மாடியில் ஏறி உட்கார்ந்திருந்தன.

அவள் பள்ளத்தில் இறங்கினாள். அவரும் வைதுகொண்டே பின்னால் இறங்கினார்.

இரண்டு ஆள் ஆழம். சுற்றிலும் நீலக் களி. வெண்ணெய் மாதிரி. அந்தக் களிக்கு நடுவில், மார்பு உயரத்தில், பள்ளத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. இரண்டு விரல் கனம்தான். கல்.

வடிவம்மை விரலால் தட்டினாள்.

"சுண்ணாம்புக்கல்," என்றார் ஆவுடையப்பன். முகம் கொஞ்சம் மலர்ந்தது. கிட்டத்தில் போய்ப் பார்த்தார். மலர்ந்தது சுருங்கிவிட்டது.

கல்லுக்குள் சாம்பல் நிறத்தில் பொடி ஓடியிருந்தது. வெண்பொங்கலில் மிளகு மாதிரி அங்கங்கே அல்ல, நெடுகிலும்.

"என்ன அழுக்கு இது?"

"சாம்பல்."

"களிமண்ணுக்குள்ள சாம்பலா? எந்த வீட்டு அடுப்புச் சாம்பல்?"

"கடலுக்கு அந்தாண்ட ஒரு மலை வெடிச்சுதாம். காத்துல வந்து இங்கன விழுந்துச்சாம். நாம எல்லாம் பொறக்கதுக்கு முந்தி. சுத்தியலும் பையுமா ரெண்டு பேரு வந்தாக. அவுகதான் சொன்னாக."

"மலைக்கு என்ன கோபமாம்?"

"அதைச் சொல்லல. மோரைக் குடிச்சிட்டுப் போயிட்டாக."

பள்ளத்துக்கு வெளியே அந்தக் கல் ஒரு குவியலாகக் கிடந்தது. அவள் பல வருஷமாகப் பொறுக்கிப் போட்டது. அதில் ஒரு பொட்டு களியோடு கலந்துவிட்டால் போதும், அடுப்பு சூட்டில் தெறித்துவிடும். அவள் தொழிலுக்கு அது எதிரி.

"அள்ளிட்டுப் போங்க," என்றாள்.

"இதையா? நான் யாருன்னு தெரியுமா? நாலு ஜமீன் வீட்டுக்குச் சுதை பூசினவன். என் சுண்ணாம்புல ஒரு எறும்புத்தலை கறுப்பு இருந்தா மொத்தச் சாந்தையும் கீழே கொட்டிருவேன். எனக்குக் குடுக்கது அழுக்குக் கல்லு!"

அவள் மறுபடியும் களி மிதிக்கப் போய்விட்டாள்.

வேறு கல் இல்லை. வேறு வழியும் இல்லை. ஆவுடையப்பன் அள்ளினார்.

அவள் குடிசைக்குப் பின்னாலேயே காளவாய்ச் சூளை கட்டினார். பனைமட்டையை அடுக்கி, கல்லை அடுக்கி, இரண்டு நாள் சுட்டார். சுட்ட கல்லில் தண்ணீர் தெளித்து நீற்றினார். அது சீறிக்கொண்டு பூத்தது. பொடியானது.

பொடி பழுப்பாக இருந்தது.

"சீ," என்றார்.

சல்லடை எடுத்தார். சல்லடையில் தங்கிய சாம்பல் கப்பியைத் தனியாகச் சலித்து எடுத்தார். எடுத்த கப்பியைக் காளவாய்க்குப் பின்னால், நீற்றிய தண்ணீர் தேங்கிக் கிடந்த குழியில் வீசினார். மறுபடி சலித்தார். மறுபடி வீசினார். இடுப்பு ஒடிந்தது.

கடைசியில் கிடைத்தது மல்லிகைப் பூ. அவ்வளவு வெள்ளை.

கடுக்காய் ஊறவைத்த தண்ணீர் விட்டார். பனைவெல்லம் கரைத்து விட்டார். செக்கில் அரைப்பதுபோல் இரண்டு நாள் அரைத்தார். எட்டாம் நாள் கடல் வடிகிற வற்றம் பார்த்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கல்லும் சாந்துமாக ஓட்டையை அடைத்தார்.

ஏற்றம் வந்தது. வாய்க்கால் பால்போல் வெளுத்தது. சாந்து போயே போய்விட்டது.

மடவை மீன்கள் மட்டும் கூட்டம் கூட்டமாக வந்து பனைவெல்லம் தின்றன. அந்த வாரம் எங்கள் ஊர் மீன்குழம்பு பாயசம்போல் இனித்தது. நம்பாவிட்டால் போங்கள்.

ஆவுடையப்பன் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"கரைஞ்சு போச்சு."

வடிவம்மை அடுப்புக்குப் பானை உட்காரும் குமிழ் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சேத்தீங்க?"

"கடுக்கா. கருப்பட்டி. என் உசுரு."

"என்ன எடுத்தீங்க?"

"அழுக்கை எடுத்தேன். வேற என்ன எடுப்பாக?"

அவள் இரண்டாவது குமிழை வைத்தாள். மூன்றாவதை வைத்தாள். ஆவுடையப்பன் காத்திருந்தார். அவ்வளவுதான் உபதேசம்.

'இன்னும் அழுக்கு இருந்திருக்கு, அதான்,' என்று நினைத்துக்கொண்டார் மனுஷன்.

இந்த முறை சல்லடை போதாது என்று மனைவியின் கூறைப்புடவையில் வடிகட்டினார். அந்த அம்மாள் அகப்பையோடு கழிக்கரை வரை துரத்தி வந்தது தனிக்கதை. கப்பி எல்லாம் மறுபடி குழிக்குப் போனது. சுண்ணாம்பு வெள்ளையிலும் வெள்ளை. பார்த்தவர்களுக்குக் கண் கூசியது.

பதினான்காம் நாள் அடைத்தார். பொன்ராசு கரைமேல் குடை பிடித்து நின்று வேடிக்கை பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, கடலுக்கு வெள்ளையடிக்கீகளா? பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்கே!"

அவனோடு நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். தூ!

ஏற்றம் வந்தது. வாய்க்கால் வெளுத்தது.

ஆவுடையப்பன் குடிசைக்கு வந்த வேகத்தில் வழியில் இருந்த தாழம்புதர் இரண்டாகப் பிளந்தது. காய்ந்துகொண்டிருந்த அடுப்பு ஒன்றைக் காலால் எத்தினார்.

"நீ ஒரு குருவா? கோபத்தை எடுன்னு வந்தேன். ஒண்ணுக்கு ரெண்டாக்கிட்ட! அஞ்சு நாள்தான் இருக்கு. அவன் சிரிக்கான். ஊரு சிரிக்கு. 'வயசான காலத்துல ராமா கிருஷ்ணான்னு இரும்'ங்கான் என் மவன். தண்ணி உப்பாப் போகுது, எவனுக்கும் சூடு சொரணை இல்ல, எனக்கு மட்டும் இருக்கு, அது என் தப்பா? சொல்லு! அது என் தப்பா?"

வடிவம்மை உடைந்த அடுப்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"காளவாய்க்குப் பின்னால குப்பை போட்டு வச்சிருக்கீகளே. அதை அள்ளிட்டுப் போங்க. என் ஆடு நடக்க இடமில்ல."

"குப்பை அள்ளவா! இன்னும் குப்பை அள்ளவா!"

"ஆமா."

மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனார். ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார்.

டங்.

மண்வெட்டி திரும்பி வந்தது. முழங்கை வரை அதிர்ந்தது.

குழியில் தண்ணீர் அப்படியே தேங்கிக் கிடந்தது. தண்ணீருக்கு அடியில் கப்பி கிடந்தது. ஆவுடையப்பன் குனிந்து கையை விட்டுத் தடவினார். சாம்பல் கப்பியும் அதோடு ஒட்டிப்போன சுண்ணாம்புமாக, ஒரே பாறை.

அதில் ஒரு நண்டு இடுப்புவரை மாட்டிக்கொண்டு, இரண்டு கொடுக்கையும் தூக்கி அவரை முறைத்துக்கொண்டிருந்தது. பாவம், ஒரு வாரமாக முறைத்திருக்கும்.

ஆவுடையப்பன் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி தடவினார். நகத்தால் கீறினார். நகம் போனது, கல் போகவில்லை.

வடிவம்மை பின்னால் வந்து நின்றாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலஞ்சு அடுப்புத்தான் பாக்கி. எனக்கு இப்ப ஒழிவா இருக்கு அண்ணாச்சி. இப்படித் திரும்பி உக்காருங்க, அந்தக் கோபத்தை எடுத்துருதேன்."

அவர் நெஞ்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார். இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டார்.

"கையை எடு தாயி! வேலை கெடக்கு."

மிச்சக் கல்லை அன்றைக்கே சூளையில் போட்டார். இரண்டு நாள் எரிந்தது. ஒரு நாள் நீற்றி அரைத்தார். சல்லடையைத் தொடவில்லை. கடுக்காய் இல்லை, வெல்லம் இல்லை. மீன்களுக்குத்தான் ஏமாற்றம்.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது வற்றத்தில் இறங்கி அடைத்தார். பழுப்புச் சாந்து. ஜமீன் வீட்டில் யாராவது பார்த்திருந்தால் அவரை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். பூசிவிட்டு அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அடுத்த வற்றம் வரை தண்ணீருக்குள்ளேயே நின்றார். தாடி நுனியில் அலை அடித்தது. ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

அமாவாசை ஏற்றம் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் கரையின் உச்சியைத் தொட்டது. அந்தப் பக்கம் கடல் எம்பி எம்பிப் பார்த்தது. இந்தப் பக்கம் ஊருணியில் ஒரு சுழிப்பு இல்லை. ஓர் எருமை குடித்தது. தலையைத் தூக்கியது. மறுபடி குடித்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் பொன்ராசு மனிதன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மன் கொடை. நட்ட நடுப்பகல். ஊர் மொத்தமும் கோயிலில். பொன்ராசு ஓர் ஆளைப் பிடித்தான். உடம்பு நிறைய பலம், தலையில் ஒன்றும் கிடையாது, அப்படி ஓர் ஆள். கையில் கடப்பாரையைக் கொடுத்தான்.

"கிழவன் பூசின பூச்சுத்தான். பத்து அடி போடு, விழுந்துரும்."

ஆள் போனான். கரைமேல் ஆவுடையப்பன் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். கொடைக்குப் போகவில்லை.

ஆளுக்குத் திக்கென்றது. கரண்டி பறந்து வரும் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

கரண்டி வரவில்லை. வசவு வரவில்லை. ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

ஆள் தண்ணீரில் இறங்கினான். ஓர் அடி போட்டான். கடப்பாரை துள்ளியது. இரண்டாவது அடி. உள்ளங்கை பிய்ந்தது. ஆறாவது அடியில் கடப்பாரையின் முனை வாழைப்பூ மடல்போல் சுருண்டுகொண்டது. உச்சி வெயில். மூச்சு வாங்கியது. நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஆவுடையப்பன் எழுந்தார்.

போச்சு, உயிர் போச்சு என்று நினைத்தான்.

அவர் மெதுவாக ஊருணிப் பக்கம் இறங்கினார். செம்பில் தண்ணீர் மொண்டார். திரும்பி ஏறி வந்து, குனிந்து, செம்பை நீட்டினார். அந்தக் கையில் அன்றைக்கு இருந்த கோபத்துக்குச் செம்பு நசுங்கியிருக்க வேண்டும். ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தவில்லை.

"குடிலே," என்றார். "குடிச்சிட்டு அடி."

ஆள் குடித்தான். கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

செம்பைத் திருப்பிக் கொடுத்தான். கடப்பாரையைப் பார்த்தான். கரையைப் பார்த்தான்.

அப்புறம் எப்படி அடிப்பது?

உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள், இல்லையா? நீங்கள் எல்லோரும் அப்படித்தான். கூடவே நின்று பார்த்ததுபோல் சொல்கிறீரே என்பீர்கள்.

தண்ணீர் இனித்தது. அதற்கு மேல் என் வாயைக் கிண்டாதீர்கள்.

கடப்பாரைக்காரன் யார் என்று கோரைக்கழியில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், பொன்ராசு பேரன்களிடமே சொல்லுங்கள். சொன்னது யார் என்று கேட்டால் மட்டும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த எவனோ ஒரு கிழவன் என்று சொல்லிவிடுங்கள். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். என் பேத்தியைக் கட்டிக்கொடுத்திருப்பது ஆவுடையப்பன் வீட்டில்.